செக்கிங் அக்காவின் கடவுள்

பக்கத்து வீட்டுக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படியில் எதிரே வந்தால், அவள் வாய் "நல்லா இருக்கே" என்று சொல்லும். கண் மட்டும் காலரின் இரண்டு முனையும் ஒரே நீளம்தானா என்று அளந்துகொண்டிருக்கும். பத்தொன்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு வேறு எப்படிப் பார்க்க வரும்?

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்கா. மேலே நீளமான டியூப் லைட், கீழே வெள்ளைப் பலகை, இடது கைப் பக்கம் தைத்து வந்த சட்டைகள். ஒன்றை எடுப்பாள், உள்பக்கம் திருப்புவாள், தோளில் ஆரம்பித்து அக்குள், பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று விரலை ஓட்டுவாள். பிசிறு, சுருக்கம், விட்டுப்போன தையல் எதுவானாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். ஸ்டிக்கர் ஒட்டிய சட்டை எதிர் டேபிளுக்குப் போகும். ஒட்டாதது அயர்ன் செய்யப் போகும். அவள் கையில் அந்தச் சிவப்புச் சுருளைப் பார்த்தாலே டெய்லர்கள் தைத்ததை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

எதிர் டேபிளில் ஆல்ட்ரேஷன், அதாவது ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை, பார்ப்பவளுக்குப் "போகட்டும்" என்று பெயர் விழுந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் "அட, போகட்டும் விடு" என்பாள். பஸ் போய்விட்டதா, போகட்டும். டீ ஆறிவிட்டதா, போகட்டும். செக்கிங் அக்காவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பத்தொன்பது வருடமாக எதிரும் புதிருமாக வேலை பார்த்தும், இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

செக்கிங் அக்காவுக்குப் பக்தி அதிகம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பால்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே கண்ணை மூடி நிற்பாள். அது வேண்டுதல் மாதிரி இருக்காது, முந்தின நாளின் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். "நேத்து மூணு தப்பு. தண்ணிக் குழாயை மூடாம வந்துட்டேன். தங்கச்சி போன் பண்ணினப்போ தூங்குற மாதிரி நடிச்சேன். அந்தப் புது டெய்லர் பொண்ணு முன்னாடி அவ சட்டையத் தூக்கிப் போட்டேன்." அவளுடைய கடவுளும் ஒரு வெள்ளைப் பலகைக்குப் பின்னால், நல்ல வெளிச்சத்தில், அவளைத் திருப்பிப்போட்டு உள்தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் நூல் ஸ்டோரைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். பழைய ஸ்டோர் காலியானது. ஒரு ஜன்னல், சுண்ணாம்பு அடித்த நான்கு சுவர், இருபது பேர் உட்காரலாம். சாமி கும்பிட, தொழ, சும்மா கண்ணை மூடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று வேலைக்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்டிருந்தார்கள். மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆனால் நாலு விதமான ஜனம் வேலை செய்யும் இடம் என்பதால் படம் வேண்டாம், சிலை வேண்டாம், புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"சுவர்ல வேணும்னா ஒரு வரி எழுதிக்கலாம். கடவுளைப் பத்தி, எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி ஒரே ஒரு வரி," என்றார். யார் பொறுப்பு எடுப்பது என்ற பேச்சு வந்ததும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. "அக்காவே பாக்கட்டும் சார். அவங்கதான் எல்லார்கிட்டயும் சமமா குத்தம் கண்டுபிடிக்கிறவங்க," என்றார் வாட்ச்மேன். அது பாராட்டா கேலியா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டாள்.

ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, கேன்டீன் வாசலில் வைத்தாள். "கடவுள் எப்படிப்பட்டவர்? ஒரு வரி எழுதிப் போடவும். பெயர் வேண்டாம்" என்று பக்கத்தில் ஒட்டினாள். ஒரு வாரத்தில் அறுபத்தொரு சீட்டு விழுந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தாள்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து, காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "படி, கேப்போம்," என்றார்.

முதல் சீட்டை எடுத்தாள். "'சாப்பிட்டியான்னு முதல்ல கேப்பார், மத்ததெல்லாம் அப்புறம்தான்.'"

"கேன்டீன் அம்மா."

"பேரே போடல. எப்படிச் சொல்றீங்க?"

"வேற யாரு அப்படி எழுதுவா? அடுத்தது படி."

"'யார் வந்தாலும் நோட்டுல பேர் எழுதச் சொல்லாம உள்ள விடுறவர்.'"

இதற்கு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்கக் கேட்டில் நின்று, வருகிற போகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதி எழுதிக் கை வீங்கிய வாட்ச்மேனை நினைத்தாள்.

"'நேரம் தவறாதவர்.' இது மேனேஜர். 'எவ்வளவு சுருங்கினாலும் நீவி விட்டுடுவார்.' இது அயர்ன் மாஸ்டர். 'டார்கெட் வைக்காதவர்.'"

"அது உங்க டெய்லருங்கள்ல எவ வேணும்னாலும் இருக்கலாம்."

"அட, இதப் பாருங்க. 'கடவுள்னு யாரும் கிடையாது. ஆனா அந்த ரூமுக்கு ஒரு ஃபேன் வேணும். நாலு பேர் உக்காந்தாலே வேர்க்கும்.'"

"மெக்கானிக்!" என்று தொடையில் தட்டினார் அவர். தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது. "நல்ல மனுஷன்பா. சாமி இல்லன்னு சொல்றான், சாமி கும்பிடுறவனுக்குக் காத்து வேணும்னும் சொல்றான்."

சீட்டுகள் குறையக் குறைய அவர் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். "பேர் போட வேண்டாம்னு நீ எழுதியிருக்கவே வேண்டாம். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போட்டோவையே ஒட்டி அனுப்பியிருக்காங்க. சிலபேர், தான் எப்படி இருக்காங்களோ அப்படி. சிலபேர், தனக்கு எது கிடைக்கலையோ அது."

"அதென்ன அப்படிச் சொல்றீங்க? இதெல்லாம் பக்தியில எழுதினது."

"நான் இல்லன்னா சொன்னேன்? ஆமா, நீ என்ன எழுதின?"

அவள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் ஈரக் கையாலேயே சீட்டுகளைக் கலைத்து, நூல் பிடித்தாற்போல நேர்வரிசையில் எழுதிய ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "'ஒரு தப்பையும் விடாதவர்.'" படித்துவிட்டு, புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "ஏம்மா, கடவுள் கையிலயும் சிவப்பு ஸ்டிக்கர் சுருளைக் குடுத்துட்டியே!"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க கடவுள் மட்டும் எப்படியாம்?"

"எனக்கென்ன? கை காட்டினா நிறுத்துறவர். ஸ்டாப்பு இருக்கோ இல்லையோ."

"கண்ட இடத்துல நிறுத்துறீங்கன்னு உங்களுக்கு மெமோ வருதுல்ல, அவருக்கும் வரும்!" என்று டம்ளரை 'ணங்'கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று அவர் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து அவள் சீட்டுகளைத் தேர்வு செய்யத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த தேர்வு ஒன்றுதான். முதல் சீட்டில் இலக்கணப் பிழை, தள்ளு. இரண்டாவதில் கடவுளை வேலைக்காரன் மாதிரி எழுதியிருக்கிறார்கள், தள்ளு. மூன்றாவது, பேராசை. நாலாவது, ஃபேன். மூன்று நாளில் அறுபதையும் தள்ளிவிட்டாள். மிச்சம் இருந்தது அவளுடையது ஒன்றுதான். அதை மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தபோது காது சூடானது. அடுத்த திங்கட்கிழமை அறையைத் திறப்பதாக இருந்தது.

இடையில் புதன்கிழமை வந்தது.

அன்று டீ நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, போகட்டும் ஒரு சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இவள் டேபிளுக்கு வந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம் ஜன்னல்கிட்ட வா."

"என்ன?"

"பேக்கிங்லேருந்து எண்ணெய்க் கறைன்னு ஒரு சட்டைய அனுப்பினாங்க. துடைச்சேன். பாக்கெட் கையோட வந்துடுச்சு."

வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பாக்கெட்டைச் சுற்றி ஓடிய தையலில் நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போயிருந்தது. ஏதோ ஒரு மெஷினில் ஊசி வளைந்திருக்க வேண்டும். பேனாவை வைத்தால் பேனாவும் பாக்கெட்டும் சேர்ந்து தரைக்கு வரும். செக்கிங் அக்கா சட்டையைக் கிட்டே கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். தையல் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. விட்ட இடம் தெரியவில்லை.

கண் மங்கி வருவது ஆறு மாதமாகவே அவளுக்குத் தெரியும். செய்தித்தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். ஊசியில் நூல் கோக்க வராமல், வேலை இருப்பதாகச் சாக்குச் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டேபிள் போய்விடும். டேபிள் போனால் அவள் யார்?

"எத்தனை சட்டை?" என்றாள்.

"அந்த மெஷின்ல தைச்சது நூத்தி நாப்பது. எல்லாம் உன் டேபிளைத் தாண்டிப் பெட்டிக்குள்ள போயாச்சு. வண்டி நாளைக்குச் சாயங்காலம்தான்."

செக்கிங் அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுடைய கடவுள் வெள்ளைப் பலகைக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்பது போலிருந்தது. "நான் போய் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். என்னை வேலையை விட்டு அனுப்பிடட்டும். பத்தொன்பது வருஷமா எத்தனை பேரை அழ வெச்சிருக்கேன், எனக்கு வேணும்."

"சொல்லு, யாரு வேண்டாம்னா? ஆனா அவர் மத்தியானம்தான் வருவாரு. அதுவரைக்கும் உக்காந்து அழப்போறியா, உக்காந்து பிரிக்கப்போறியா?"

சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொல்லி, பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். செக்கிங் அக்காவின் வேலை, பாக்கெட்டின் பழைய தையலைப் பிரிப்பது. சின்னக் கத்தியின் முனையை நூலுக்கு அடியில் கொடுத்து இழுக்க வேண்டும், துணி கிழியக்கூடாது. கண் கைவிட்டாலும் விரல் கைவிடவில்லை. பத்தாவது சட்டையில் தடவிப் பார்த்தே விட்ட தையலைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். போகட்டும் மெஷினில் உட்கார்ந்து, பாக்கெட்டை மறுபடி வைத்து, கடகடவென்று தைத்துத் தள்ளினாள். மெக்கானிக் வந்து வளைந்த ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலேயே இவர்கள் பக்கம் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்தார்.

நாற்பது சட்டை முடிந்திருக்கும். மெஷினை நிறுத்தாமலே போகட்டும் கேட்டாள். "அக்கா, அந்தப் பெட்டியில நீ என்ன எழுதிப் போட்ட?"

இந்த முறை மறைக்கத் தோன்றவில்லை. சொன்னாள்.

"யம்மாடி! பயமா இல்லையா உனக்கு?"

செக்கிங் அக்கா ஒரு நூலை முழுசாக உருவி எடுத்தாள். பிறகு சொன்னாள். "எங்க வீட்ல நாங்க அஞ்சு பொண்ணுங்க. நான் நாலாவது. மூத்தவங்க வேலை செய்வாங்க, கடைசியவளைக் கொஞ்சுவாங்க. நாலாவது ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் ஞாபகம் வராது. பரீட்சையில ஃபெயில் ஆகி வந்தேன், யாரும் திட்டல. கேக்கவே இல்ல. திட்டு வாங்குற அக்காமாரைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும். தப்பு கண்டுபிடிக்கணும்னாலும் கையில எடுத்துப் பாக்கணும்ல? அப்படி ஒருத்தராவது என்னைப் பாக்குறாருன்னு எனக்கு ஒரு தெம்பு."

மெஷின் நின்றது. போகட்டும் அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உன் சாமியும் நல்லவர்தான்," என்றாள். "ஆனா எடுத்துப் பாத்துட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக் கீழ வெச்சிடுவாரா? இல்ல, கையிலயே வெச்சிருப்பாரா?"

செக்கிங் அக்காவின் டேபிளில் எந்தச் சட்டையும் முக்கால் நிமிடத்துக்கு மேல் இருந்ததில்லை. அப்புறம் அந்தச் சட்டைக்கு என்ன ஆகும் என்பதை எதிர் டேபிள் பார்த்துக்கொள்ளும்.

"உனக்கு எல்லாமே போகட்டும்தானே," என்றாள் கொஞ்சம் வீம்பாக. "உன் கடவுளும் அப்படித்தான் எல்லாத்தையும் விட்டுடுவாரு."

"விட்டுடுவாரா? அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. பத்தொன்பது வருஷத்துல, நீ ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பின சட்டை ஒண்ணாவது என் டேபிள்லேருந்து அப்படியே போயிருக்கா?"

போனதில்லை. ஒன்றுகூடப் போனதில்லை. அது செக்கிங் அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. திரும்பி வந்த ஒவ்வொன்றையும் மறுபடி புரட்டிப் பார்த்தவள் அவள்தானே.

"ஆளுக்குத்தான் போகட்டும். தையலுக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு போகட்டும் மெஷினை மிதித்தாள்.

மேனேஜர் வந்ததும் செக்கிங் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கண் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார்.

"நாளைக்கு மத்தியானமே முடிஞ்சிடும் சார்."

"அப்ப சரி. சனிக்கிழமை லீவு எடுத்துக்கிட்டுக் கண் டாக்டரைப் பாருங்க. லேட்டா வந்து சொல்லாதீங்கம்மா, எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லுங்க. ஆறு மாசம் லேட்டு." அவ்வளவுதான். நேரம் தவறாதவரிடம் இருந்து வந்த ஒரே கண்டிப்பு அது.

கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த சனிக்கிழமை மாலை, உலகமே ஒரு மாதிரி கிட்டே வந்து நின்றது. தன் வீட்டுச் சமையலறை மூலையில் இத்தனை ஒட்டடையா என்று திகைத்தாள். கணவர் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "இந்தச் சுருக்கமெல்லாம் எப்ப வந்துச்சு?" என்றாள்.

"எதையும் விடமாட்டேங்கிறியே! ஸ்டிக்கர் ஒட்டிடாதம்மா," என்றார் அவர். இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு அறுபத்தொரு சீட்டையும் திரும்பப் படித்தாள். முதலில் பிழை மட்டும் தெரிந்த சீட்டுகளில் இப்போது ஆட்கள் தெரிந்தார்கள். கேன்டீன் அம்மா மூன்று முறை அடித்து அடித்து எழுதியிருந்தாள். டார்கெட் வைக்காதவர் என்று எழுதியது அந்தப் புது டெய்லர் பெண். தைத்த கணக்கை அவள் எழுதிக் கொடுக்கும் அதே சாய்ந்த எழுத்து. தான் அன்று தூக்கிப் போட்ட சட்டை ஞாபகம் வந்தது. ஒரு சீட்டில் ஒன்றுமே எழுதாமல், கிழிந்த துணியைச் சேர்க்கப் போடுவது போல நாலு கிராஸ் தையல் மட்டும் போட்டிருந்தது. நூலாலேயே போட்டிருந்தது. எதிர் டேபிள்காரியின் கை என்று பார்த்தவுடன் தெரிந்தது. எப்படி இதை முதல் தடவை எழுதாத சீட்டு என்று தள்ளினோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் அறையைத் திறக்க வந்தபோது சுவரில் ஒரு வரி இல்லை. அறுபத்தொரு சீட்டும் வரிசையாக ஒட்டியிருந்தன.

"என்னம்மா இது? எல்லாரும் ஒத்துக்கிற ஒரே வரின்னு சொன்னேனே?"

"அப்படி ஒண்ணு இல்ல சார். எல்லாத்தையும் செக் பண்ணிட்டேன். எல்லாம் பாஸ்."

செக்கிங் அக்கா வாயிலிருந்து "எல்லாம் பாஸ்" என்ற சொல்லை அந்தக் கூரை கேட்டதே இல்லை. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். மேனேஜர் சுவரை நெருங்கிப் பார்த்தார். "இதுல எழுத்துப்பிழை இருக்கே. 'சாமி'யில ஒரு கால் இல்ல."

"சாமிக்குக் கால் இல்லாட்டியும் வந்துடுவாரு சார்," என்றார் வாட்ச்மேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜரும்தான்.

அந்த அறையில் ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் தன் சீட்டுக்குக் கீழே உட்காரவில்லை. தன்னுடையதுதான் தெரியுமே! மற்றவர்களுடையதைப் படித்துக்கொண்டே போய், எங்கே கால் நின்றதோ அங்கே உட்கார்ந்தார்கள். எல்லோரையும் விரட்டும் சூப்பர்வைசர் 'டார்கெட் வைக்காதவர்' பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். எதையும் நம்பாத மெக்கானிக், ஃபேன் மாட்டுகிற சாக்கில் ஏணியிலேயே நின்று அத்தனையையும் படித்தார்.

செக்கிங் அக்கா ஒரு வாரம் கழித்துத் தன் சீட்டை மட்டும் உரித்தாள். அதே நேர்வரிசை எழுத்தில் வேறொன்று எழுதி ஒட்டினாள்: 'கையில் எடுத்துப் பார்ப்பவர்.' கீழே வைப்பாரா மாட்டாரா என்பதை எழுதவில்லை. அது அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. காலை ரிப்போர்ட்டும் நிற்கவில்லை. ஆனால் தப்பெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "நேத்து அந்தப் பொண்ணுக்குக் காலர் திருப்பச் சொல்லிக் குடுத்தேன். நல்லா வந்துச்சு," என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். அதைக் கேட்டு அவர் என்ன நினைத்தாரோ, ரிஜெக்ட் செய்ததாகத் தகவல் இல்லை.

இதனால் அவள் மாறிவிட்டாள், எல்லாவற்றையும் விட்டுவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணாடி வந்த பிறகு அவள் ஒட்டும் ஸ்டிக்கர் இரண்டு மடங்காகிவிட்டது. "அக்கா, தயவுசெஞ்சு அந்தக் கண்ணாடியக் கழட்டு, என் இடுப்பு ஒடியுது," என்று எதிர் டேபிளில் இருந்து தினமும் ஒரு கூப்பாடு வரும். டீயை இருவரும் இப்போது ஒன்றாகத்தான் குடிக்கிறார்கள்.

போன மாதம் இருவருமாக அந்த அறையின் ஜன்னலுக்குத் திரை வாங்கக் கடைக்குப் போனார்கள். செக்கிங் அக்கா எட்டுத் துணியைப் புரட்டி எட்டையும் தள்ளினாள். கடைக்காரர் பொறுமை இழந்து, "எந்த ரூமுக்கும்மா? அங்க யார் இருக்காங்கன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக் காட்டுவேன்," என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கிறவரைப் பத்தி எங்களுக்குள்ள இன்னும் பேச்சு முடியலங்க," என்றாள் போகட்டும். "வர்றவங்க நிறையப் பேரு. அடிக்கடி துவைச்சாலும் தாங்குற துணியாக் குடுங்க."